கோடையில் இரண்டு தோட்டங்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் 'தோட்டம்' என்ற சொல்லுக்குப் பொருள் சற்று வேறு. நகரத்து வாசகர் அச்சொல்லைக் கேட்டதும் பூஞ்செடிகளையும் புல்தரையையும் நினைப்பார். இங்கே ஒருவர் தமக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் உண்டு என்றால், அந்த நிலத்தில் கிணறு உண்டு என்றே பொருள். கிணறற்ற நிலம் காடு, மானாவாரி. மழை பெய்தால் சோளமும் கடலையும் கொடுக்கும், பொய்த்தால் கொள்ளுக்கும் வழியிராது. பழைய வருவாய்க் கணக்குகளிலும் நன்செய், புன்செய் என்பவற்றோடு தோட்டக்கால் என்ற சொல் வழங்கியது. கிணற்றில் கோடைத் தண்ணீர் எத்தனை நாழிகை கமலைக்கு நிற்கும் என்று விசாரித்த பின்னரே பெண் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது.

இச்சமவெளிக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து தீர்ந்துவிடும். பங்குனியில் குளங்கள் வெடிக்கும். குடகனாறு மணலாகக் கிடக்கும். சித்திரையில் சிறுமலைச் சரிவில் ஏறி நின்று கீழே நோக்கினால், செம்மண் பரப்பில் ஆங்காங்கே பச்சைத் திட்டுகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் ஒரு கிணறு இருக்கும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, சின்ன வெங்காயம், வரப்போரத்தில் முருங்கை, நிலக்கோட்டைப் பக்கமானால் மல்லிகை. கோடைக்காலத் தோட்டம் என்று இங்கே சொல்லத்தக்கது இதுவே.

இந்நிலத்தில் கிறித்தவம் வேரூன்றிய வரலாற்றை எழுதியவர்கள் ஆலயங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கிணறுகளை எண்ணியவர் குறைவு. வேறொரு தட்பவெப்பத்தில் உருவான ஒரு சமயம் இந்த வறண்ட வேனிலைச் சந்தித்தபோது என்ன நேர்ந்தது என்ற வினாவுக்கு, கிணற்றடியில் நின்றுதான் விடை தேட இயலும் என்பது நம் எண்ணம். அதற்கு முன் ஒருமுறை மலைமேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிவந்த அமெரிக்க மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது. மறு ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையத்தைத் தொடங்கியது. முதற் பத்தாண்டுகளிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் குருமார், அவர்தம் மனைவியர், குழந்தைகள் எனப் பலரை இழந்தது. குளிர்ந்த இடம் தேடிய அவர்கள் கண்ணில் முதலில் பட்டது திண்டுக்கல்லுக்கு அருகிலேயே இருக்கும் சிறுமலை. இலக்கிய வாசகருக்கு அது பழகிய மலை. மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கோவலனுக்கு விளக்கும் மாங்காட்டு மறையோன், வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த தென்னவன் சிறுமலையைக் காட்டுவதைச் சிலப்பதிகாரத்தில் படித்திருப்போம். அம்மலையின் வாழைக்கு நம் காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மிஷனரிகளுக்குச் சிறுமலை தந்தது மலைக்காய்ச்சல். அதைக் கைவிட்டு, 1845இல் பழனிமலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கோடைக்கானல் என்ற ஊரின் தொடக்கம் அது. 1863இல் லெவிஞ்ச் துரை ஏரியை அமைத்தார். செண்பகனூரில் 1895இல் சேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. அதன் அருங்காட்சியகமும் ஆர்க்கிட் மலர்த் தொகுப்பும் பின்னாளில் புகழ்பெற்றன. பேரி, பிளம்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று மேனாட்டுத் தோட்டம் ஒன்று மேகங்களுக்கு நடுவே தழைத்தது.

மலையேறிய இந்தத் தோட்டத்தைப் பற்றி எழுத்தில் ஏராளமாக உண்டு. கடிதங்கள், ஆண்டறிக்கைகள், நீர்வண்ண ஓவியங்கள், உலர்த்திய செடிகளின் ஏடுகள். பெற்ற பிள்ளைகளைச் சமவெளியில் புதைத்தவர்கள் சித்திரை வெயிலில் மலையேறியதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டின் மிகக் கடினமான வாரங்களில் துரைமார் பலர் மேலே இருந்தார்கள். சபைகளின் பொறுப்பு பெரிதும் உபதேசியார் தோளில் இருந்தது. மழைக்காக மன்றாடியதும், பேதியில் மாண்டவரை அடக்கம் செய்ததும், நீர்த் தகராறில் மத்தியஸ்தம் பேசியதும் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் நீர்வண்ண ஓவியம் எதுவும் தீட்டிவைக்கவில்லை.

சமயத்தோடு ஒரு நாட்காட்டியும் வந்தது. கத்தோலிக்க வழக்கில், ஆண்டவரின் விண்ணேற்ற விழாவுக்கு முந்திய மூன்று நாட்களும் பயிர்களுக்கான மன்றாட்டு நாட்கள். 5ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு வியன் நகரத்து ஆயர் மமேர்த்துஸ் தொடங்கியது என்பர். ஏப்ரல் 25 அன்றும் இத்தகைய பவனி உண்டு. புனிதர் மன்றாட்டு மாலை பாடியபடி வயல் எல்லையைச் சுற்றிவருவது ஐரோப்பாவில் இயல்பான காட்சி; அப்போதுதான் அங்கே பயிர் முளைவிட்டுப் பச்சைபிடிக்கும் நேரம், பனியும் ஆலங்கட்டியும் தாக்காதிருக்க வேண்டிக்கொள்வார்கள். 1838இல் புதிய மதுரை மிஷனைத் தொடங்கிய பிரெஞ்சுச் சேசு சபையினர் வந்து சேர்ந்த சமவெளியிலோ, ஏப்ரல் மாதத்துக் காட்டில் சுற்றிவரப் பயிரே இல்லை. கட்டாந்தரையும் கருவேலமும்தாம். அதே மன்றாட்டு இங்கே வேறு மன்றாட்டாக மாறியது: பயிரைக் காப்பாற்று என்பதன்று, கிணற்றில் ஊற்றை நிறுத்திவிடாதே என்பது. 1969இல் உரோமை நாட்காட்டியைத் திருத்தியபோது, இந்நாட்களை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகள் தம் பருவத்துக்கும் தேவைக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பருவங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பிடித்தன. தை மாதத்தில் ஆலய முற்றத்தில் பொங்கல் வைப்பதும், சீர்திருத்தச் சபையார் அறுப்பின் பண்டிகையில் பூசணியையும் கோழியையும் படைத்துப் பின்பு ஏலம்விடுவதும் இந்த மண்ணின் கணக்குக்கு இன்னும் நெருங்கியவை.

தவக்காலத்தை நினைத்துப் பாருங்கள். சாம்பல் புதன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை நாற்பது நாள் நோன்பு. மாசி பிற்பகுதியும் பங்குனியும். அந்நாட்களில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்கும் வழக்கமில்லை. மல்லிகையோ பங்குனியில்தான் கொட்டத் தொடங்கும். விடியுமுன் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு வரும் பெண், பூவற்ற பீடத்தின் முன் முழந்தாளிடுகிறாள். அவள் விரல்களில் மணம் போகாது. ஐரோப்பியருக்கு இந்த நோன்பு, குளிர்காலக் களஞ்சியம் காலியாகும் நாட்களோடு பொருந்தியது. உயிர்ப்புத் திருநாளில் வசந்தம் வந்துவிடும். நமக்கு உயிர்ப்புக்குப் பின்னரே உண்மையான வெயில். இவ்வட்டாரத்துக் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கு எனப்படும் பாடுகளின் நாடகம் இரவு முழுதும் திறந்த வெளியில் நடந்துவந்ததற்கு, அறுவடை முடிந்த வெற்று நிலமும் வேலையற்ற கைகளும் மழையச்சமற்ற வானமும் துணைசெய்தன. வறட்சியைத் தம் கலைக்கு மேடையாக்கிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்காட்டிதான் ஐரோப்பாவினுடையது, வேதாகமத்தின் நிலம் திண்டுக்கல்லின் உடன்பிறப்பு. பாறை, முள், கிணறு, ஆட்டுமந்தை, களத்துமேடு, அத்தி, வறண்ட ஓடை. பிலேயாமின் கழுதையைத் தவிர மற்றெல்லாம் வத்தலக்குண்டுச் சாலையிலேயே அகப்படும். ஆனால் இந்த ஒற்றுமையை நம் கிறித்தவ இலக்கியம் முதலில் காணவில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் முடிந்தது. முப்பத்தாறு படலம், மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். அதன் நாட்டுப் படலத்து யூதேயாவில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல் விளைகிறது. தமிழ்க் காப்பியத்துக்கு மருத வளம் பாடியாக வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த முனிவர் அந்த மரபுக்கு உண்மையாக இருந்தார், யூதேயாவின் நிலவியலுக்கு அன்று. இதைக் குறையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று இலக்கணம் வகுத்த மொழியில், பாலைத் திணையில் ஒரு வேதக் காப்பியம் எழாமல் போனது நமக்கு ஒரு சிறு வருத்தம்.

காப்பியம் காணாததைக் கிணற்றடி கண்டது. ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய கிணறுகளுக்காகக் கேராரின் மேய்ப்பர் சண்டையிட்ட கதை ஆதியாகமத்தில் வருகிறது. ஒரு கிணற்றைத் தூர்ப்பதும், மறுகிணறு தோண்டுவதும், அதற்கும் வழக்கு வருவதும் இங்கே யாருக்கும் விளக்கவுரை வேண்டாத செய்திகள். அதைவிட ஆழமானது யாக்கோபின் கிணற்றடியில் நடந்த உரையாடல். நண்பகல் வெயிலில் தனியே நீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் யூதர் ஒருவர் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைக்கிறாள்: யூதர் சமாரியரோடு புழங்குவதில்லையே! ஐரோப்பிய விரிவுரையாளர் இவ்விடத்தில் சமாரியர் யார், பிணக்கின் வரலாறு என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுவர். சேரிப் பெண்ணுக்கு அந்தப் பக்கங்கள் வேண்டாம். மேட்டில் நின்று, குடத்தைத் தரையில் வைத்து, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தவளுக்கு அத்திகைப்பு முதற்சொல்லிலேயே விளங்கிவிடும்.

கமலை இறைத்த அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். சரிவில் இறங்கும் மாடுகள் வடத்தை இழுக்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். அதன் அடியில் தைத்த தோல் தும்பி வழியே நீர் தொட்டியில் கொட்டும். எருமைத் தோலும் மாட்டுத் தோலும் இல்லாமல் இந்த இறவை இல்லை. அத்தோலைப் பதப்படுத்தித் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தந்தவர்கள் அருந்ததியர். அவர் கை தைத்த தோலில் ஏறிவந்த நீர் தோட்டத்துக்குத் தீட்டில்லை; அவர் குடத்தை அதே கிணற்றில் இறக்கினால் தீட்டு. இந்தத் தர்க்கத்தைக் கிறித்தவம் உடைத்ததா என்பதே நம் கட்டுரையின் கடினமான கேள்வி. ஓரிடத்தில் முயன்றது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், எல்லோரோடும் உடனிருந்து உண்ணச் சம்மதியாத உபதேசியாரைப் பணியிலிருந்து விலக்கியது. பலர் போனார்கள், மிஷன் பின்வாங்கவில்லை. ஆனால் பந்தி மிஷனுடைய வளாகத்தில் நடப்பது. கிணறு ஊரில் இருந்தது. அதன் உடைமையாளர் ஊரார். கத்தோலிக்கத்தின் கதை இன்னும் சிக்கலானது. தமிழகத்தின் பல பங்குகளில் ஆலயத்துக்குள் தனியிடமும் கல்லறைத் தோட்டத்தில் தடுப்பும் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நீர் பெற்றவர்களுக்கு ஒரே கிணற்றில் நீர் கிடைக்கவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறோம். அது தனியே எழுத வேண்டிய துயரம். மானாவாரிக் காடு முதலில் செத்தது, பிறகு குளம், கடைசியில் கிணறு. அந்த ஆண்டுகளிலும் அதையடுத்தும் தென்மாவட்டங்களில் கூட்டங்கூட்டமாக மக்கள் சபைகளில் சேர்ந்தனர். 'சோற்றுக் கிறித்தவர்' என்ற ஏளனம் அதன் பயன். பசித்தவன் சோறு தந்தவரின் கடவுளை நோக்கித் திரும்புவதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. சோறு தராதவரின் கடவுளை விட்டு நீங்கினான் என்றும் அதையே சொல்லலாமே. மிஷனரிகளில் அக்காலத்தைச் சமவெளியில் கண்டவர் ஜான் சாண்ட்லர். மதுரை மிஷனைச் சேர்ந்த அவர் வத்தலக்குண்டில் பணியாற்றியவர். முதுமையில் 1913 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியராக உழைத்தவர். அதே வத்தலக்குண்டில் 1872இல் பிறந்து, பஞ்சத்தின்போது சிறுபிள்ளையாக இருந்தவர்தாம் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயர். பேரகராதிக்கும் நாவலுக்கும் தோற்றுவாயாக நின்ற அந்தச் சிற்றூரின் தெருக்களில் இருவரும் எதிர்ப்பட்டிருப்பார்களா என்று கற்பனை செய்வது நமக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

மலையேறாத துரை ஒருவரையும் சொல்ல வேண்டும். ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர். 1925இல் மதுரை மிஷனுக்கு வந்தார். விரைவிலேயே கதருடுத்தினார். காந்தியின் கடிதத்தை வைசிராய் இர்வினிடம் கொண்டுசென்ற ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தம் வீட்டில் தங்கவைத்ததற்காக 1930இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மறுபடி வந்தார். 1947இல் சின்னாளப்பட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது அவர்களோடு நின்றார். வங்கியும் வளாகமும் உள்ள மிஷனை விட்டுக் கிராமத்து மண்ணுக்கு இறங்கிய கிறித்தவர் அவர். பூதானப் பணியில் பெயர்பெற்ற ஜெகந்நாதனுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஜெகந்நாதனின் துணைவியார் கிருஷ்ணம்மாளோ வத்தலக்குண்டுப் பகுதியின் தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். நிலமற்றவர் கையில் நிலம் சேர்வதையே தம் வாழ்வாக்கிக்கொண்ட இத்தம்பதியருக்கு 2008இல் மாற்று நோபல் என அழைக்கப்படும் பரிசு கிடைத்தது. சற்றுத் தெற்கே கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பாவும் கிறித்தவரே, சிறையிலிருந்தபோது ஒருபுறம் இயேசுவின் போதனைகளைக் குறித்தும், மறுபுறம் நிலைத்த பொருளியலைக் குறித்தும் எழுதினார். மாடும் எருவும் கிணறும் அவருக்குப் பொருளியல் மட்டுமன்று, வேதாந்தமும்கூட. 1960 சனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே நாளில் மறைந்தார்.

இத்தனைக்குப் பிறகும் கிணறு வந்து சேரவேண்டியவருக்கு வந்ததா? 1988-89இல் நடுவண் அரசு 'பத்து இலட்சம் கிணறுகள்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரில் ஏழைச் சிறு உழவருக்கு இலவசப் பாசனக் கிணறு. காட்டைத் தோட்டமாக்கும் திட்டம் என்றே சொல்லலாம், நல்ல திட்டம். ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு உரியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவராகக் கணக்கிடப்படுகிறார். எனவே ஒரே சேரியில், ஒரே அளவு நிலத்தோடு, சுவரைப் பகிர்ந்து வாழும் இரு குடும்பங்களில் ஒன்றுக்குக் கிணறு பெறும் தகுதி இருந்தது, மற்றதற்கு இருக்கவில்லை. வேறுபாடு, எப்போதோ ஒரு பாட்டனார் தலையில் ஊற்றிய ஒரு கிண்ணம் தண்ணீர். 1993-94இல் பிற ஏழை உழவருக்கும் திட்டத்தை விரித்தார்கள் என்பது உண்மை. அதற்குள் ஐந்து கோடைகள் கடந்திருந்தன.

பலர் தாளில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வாழக் கற்றுக்கொண்டதன் பின்னணி இது. அந்தோணிசாமி கோப்பில் முனியாண்டியாகிறார். இதைப் பொய் என்று கண்டிப்பவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். சமயத் தலைவர்களிலும் உண்டு, அதிகாரிகளிலும் உண்டு. கோடையில் கிணறு இல்லாமல் இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் யாரும் இலர்.

இனி, இச்சமவெளியின் மிக அழகான தோட்டத்துக்கு வருவோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டிப் பகுதியில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் பன்னீர்த் திராட்சை காய்க்கிறது. வெள்ளோடு கத்தோலிக்கர் மிகுந்த ஊர். அங்கே திராட்சை விளைவதை வேதத்தோடு சேர்த்துப் பேசாத குருவானவர் இருக்க முடியாது. தென்னாட்டுக்குத் திராட்சை வந்த கதையாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுவது, சேலம், மதுரை மாவட்டங்களில் 1832 அளவில் கிறித்தவக் குருமார் அறிமுகப்படுத்தினர் என்பது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் 1832ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் கதை செய்தித்தாள்களில் வலம்வந்தது.

அழகிய கதை. ஆனால் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. முதலாவது, சேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, மதுரைப் பகுதிக்கு அவர்கள் திரும்பியது 1838இல்தான். இடைப்பட்ட காலத்தில் இங்கு வந்த பிரெஞ்சுக் குருமார் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு வேதபோதக சபையினர். ஆண்டு சரியானால் அந்தப் பாதிரியார் அவர்களில் ஒருவராகவே இருக்க வேண்டும். இரண்டாவது முடிச்சு இறுக்கமானது. பன்னீர் என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில், ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலைபார்த்த ஸ்னோ என்ற தோட்டக்காரர் உருவாக்கிய கலப்பினம். 1832இல் எந்தப் பாதிரியாராலும் அதைக் கொண்டுவந்திருக்க இயலாது. ஆகவே முதலில் வந்த கொடி வேறு. இன்று பந்தலில் தொங்குவது பின்னர் வந்தது. இரண்டையும் மக்கள் நினைவு ஒரே அங்கியின் மடிப்புக்குள் போட்டு வைத்திருக்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் இக்கனியின் பெயர் கொடிமுந்திரி. சீர்திருத்தச் சபையாரின் வேதத்தில் திராட்சை. இரண்டு சபைகளும் ஒரே கனிக்கு இரு பெயர் வைத்திருந்தது அக்காலத்துக்குப் பொருத்தமே.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கும். இங்கே பனிக்காலம் இல்லை. விட்டால் கொடி ஆண்டு முழுதும் இலையும் தண்டுமாக ஓடிக்கொண்டேயிருக்கும், காய்க்காது. பனிக்காலம் செய்யும் வேலையை நம்மூரில் கவாத்துக் கத்தரி செய்கிறது. வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நூற்றிருபது நாளில் பழம். மார்கழியில் கவாத்துச் செய்தால் சித்திரையில் அறுவடை. வைகாசி, ஆனியில் மீண்டும் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் இன்னொன்று. கனிதரும் கொடியைத் தந்தை கழித்துவிடுவார் என்ற யோவான் நற்செய்தியின் உவமையை, குளிர் நாட்டார் ஆண்டுக்கு ஒருமுறை நினைப்பர், வெள்ளோட்டுக்காரர் இருமுறை. மற்றெல்லாப் பயிரும் கருகி நிற்கும் வெயிலில், வறண்ட காற்றில்தான் இப்பழத்துக்கு இனிப்பு ஏறும்; கோடை மழை பெய்தால் மணி வெடித்து அழுகும். ஊரெல்லாம் மழைக்காக மன்றாடும்போது திராட்சைத் தோட்டத்துக்காரர் இன்னும் பத்து நாள் பொறுக்கும்படி மன்றாடுகிறார். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே பீடத்துக்கு, ஒரே பூசையில் போய்ச் சேர்கின்றன.

வேருக்கு நீர் மட்டும் தவறக்கூடாது. அந்த நீரின் கதை மோசமாகிக்கொண்டு வருகிறது. கமலை போய் எண்ணெய் இயந்திரம் வந்தது, மின்மோட்டார் வந்தது. 1990 அளவில் உழவருக்கு மின்சாரம் இலவசமாயிற்று. கிணறுகள் நாற்பதடியிலிருந்து எண்பதடியாகி, பின்பு அவற்றின் அடியிலேயே துளைபோட்டார்கள். இன்று ரிக் வண்டி ஆயிரமடி போகிறது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னொரு கேடும் சேர்ந்தது. ஒருகாலத்தில் கமலைச் சாலுக்குத் தோல் தந்த தொழில், ஏற்றுமதிக்கான பதனிடும் ஆலைகளாக வளர்ந்து, கழிவுநீரை நிலத்தில் விட்டது. கிணறுகள் உவர்த்தன. 1996இல் தமிழகத் தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட இம்மாவட்டமும் ஒன்று. ஆலை ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய். உவர்த்த கிணற்றில் முருங்கையும் பிழைப்பதில்லை. தோட்டம் என்று பட்டாவில் இருந்த நிலங்கள் மீண்டும் காடாயின.

உயிர்ப்பு வாரத்தில் வாசிக்கும் பகுதி ஒன்றுண்டு. விடியற்காலையில் கல்லறையருகே அழுதுகொண்டு நிற்கும் மரியா மதலேனாள், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறாள். மற்ற ஊர்களில் அச்சொல் ஒரு வேலையாளைக் குறிக்கும். இவ்வட்டாரத்தில் தோட்டக்காரர் என்றால் கிணற்றுக்கு உடையவர். நண்பர் ஒருவரின் ஊரில் இப்பகுதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிய ஒரு முதியவள், அந்த அம்மாள் அவரிடம் உடலைத்தானே கேட்டாள், ஒரு குடம் தண்ணீரும் கேட்டிருக்கலாம், காலை வேளை, மறுத்திருக்கமாட்டார் என்று சொல்லிக்கொண்டே நடந்தாளாம். பந்தல்களில் பழம் பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு வயல் தள்ளி ரிக் வண்டியின் சத்தம் முந்தின நாளிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது; எழுநூறு அடி போயிருந்தது, இன்னும் புழுதிதான் வந்துகொண்டிருந்தது.